கண்ணுல தண்ணி கொட்டுது... டாக்டர் 'டிரை ஐ'ங்கிறார்! கண்ணீர்ச் சுரப்பிக்கு வயசானா என்ன ஆகும்?

உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பெரியவரைப் பார்த்திருப்பீங்க. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் வழியும். டிவி பார்த்தால் வழியும். கொஞ்சம் காற்றடித்தாலும் வழியும். முந்தானையாலோ துண்டாலோ துடைத்துக்கொண்டே இருப்பார். கண் டாக்டரிடம் கூட்டிப்போனால், பரிசோதித்துவிட்டு "கண்ணு ரொம்ப வறண்டு போயிருக்கு" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுப்பார். வெளியே வந்ததும் முதல் கேள்வி இதுதான்: "தண்ணி ஊத்துற கண்ணைப் போய் வறண்ட கண்ணுங்கிறாரே, இவருக்கு வைத்தியம் தெரியுமா?"

தெரியும். பல நேரங்களில் அவர் சொல்வது சரிதான். அது எப்படி சரியாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சொல்லி வருகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கணும். இது பெரியவங்க சமாச்சாரம்தானே என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ராத்திரி 1 மணிக்கு இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துமே, அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

புருவத்துக்குக் கீழே ஒரு பாதாம் பருப்பு

உங்க வலது புருவத்தின் வெளி ஓரத்தில் விரலை வைங்க. அந்த எலும்பு விளிம்புக்குச் சற்று உள்ளே, கண்குழியின் மேல் மூலையில், ஒரு பாதாம் பருப்பு அளவில் உட்கார்ந்திருக்கிறது கண்ணீர்ச் சுரப்பி. கண்ணுக்கு ஒன்று. இதைத் தவிர இமைகளின் உட்பக்கத்தில் பொடிப்பொடியாக உதவிச் சுரப்பிகளும் உண்டு.

கண்ணீர் மூளையிலிருந்து இறங்குகிறது, இதயத்திலிருந்து ஆவியாக ஏறுகிறது என்றெல்லாம் ஐரோப்பாவில் ரொம்ப காலம் நம்பினார்கள். 1662-ல் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற இளம் உடற்கூறியலாளர்தான், 'அதெல்லாம் இல்லை, இந்தச் சுரப்பியிலிருந்துதான் வருகிறது' என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 24.

கண்ணீரை வெறும் உப்புத் தண்ணீர் என்று நினைத்தால் தப்பு. கருவிழியின் மேல் அது ஒரு படலமாகப் பரவி நிற்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான்; உங்க தலைமுடியின் தடிமனில் ஒரு சின்னக் கீற்று. அவ்வளவு மெல்லிய படலத்துக்குள் சளி மாதிரி ஒட்டும் பொருள், தண்ணீர், உப்புகள், கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எண்ணெய்ப் பூச்சு. ஒட்டும் பொருள் இல்லையென்றால் படலம் கண்ணில் நிற்காது. எண்ணெய் இல்லையென்றால் சட்டென்று ஆவியாகிவிடும். அந்த எண்ணெயைத் தருவது இமை விளிம்பில், இமைமுடிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள்.

இதில் ஒரு ஜாலியான தகவல். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில வருடம் முன்பு, 1922-ல், லைசோசைம் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைப் பற்றி எழுதினார. அது கண்ணீரில் ஏராளமாக இருக்கிறது. ஆராய்ச்சிக்குக் கண்ணீர் வேண்டுமே? ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்கள் கண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து அழவைத்துச் சேகரித்திருக்கிறார் மனிதர்!

கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் ஒளி ஊடுருவாது, பார்வை மங்கிவிடும். அதனால் அது தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனை இந்தக் கண்ணீர்ப் படலத்தின் வழியாகத்தான் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. படலம் கலைந்தால் பார்வையும் கலங்கும். 'கொஞ்ச நேரம் படிச்சா எழுத்தெல்லாம் மங்குது, சிமிட்டினா சரியாகுது' என்று யாராவது சொன்னால், அவங்க கண்ணாடி பவரை மட்டும் சந்தேகப்படாதீங்க. கண்ணீரையும் சந்தேகப்படணும்.

வறண்ட கண் ஏன் அழுகிறது?

உடம்பிலேயே நரம்பு நுனிகள் அதிகமாக நெருங்கி இருக்கும் இடங்களில் ஒன்று கருவிழி. படலம் ஒரு இடத்தில் காய்ந்து ஓட்டை விழுந்தாலும் அந்த நரம்புகள் மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். அங்கிருந்து இன்னொரு நரம்பு வழியாகக் கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு போகும். சுரப்பி மொத்தமாகத் திறந்துவிடும். வெங்காயம் நறுக்கும்போது நடப்பதும் இதுதான்.

ஆனால், இப்படி அவசரத்தில் கொட்டும் தண்ணீர் கண்ணில் நிற்காது. எண்ணெயும் ஒட்டும் பொருளும் சரியான அளவில் இல்லாத கண்ணில், மழைத்தண்ணீர் சிமென்ட் தரையில் ஓடுவதுபோல வழிந்து கன்னத்துக்குப் போய்விடும். கண் மறுபடி காயும். நரம்பு மறுபடி கத்தும். மறுபடி வெள்ளம். பாட்டி துடைத்துக்கொண்டே இருப்பார்.

ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடணும். வயதானவர்களுக்குக் கண்ணில் நீர் வழிய இது மட்டுமே காரணம் இல்லை. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டாலும், கீழ் இமை தளர்ந்து தொங்கினாலும் வழியும். எது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். யூடியூப் பார்த்து நீங்களே முடிவு பண்ணக் கூடாது.

சுரப்பி செத்துப்போச்சா, சொல்பேச்சு கேக்கலையா?

இப்போ விஷயத்துக்கு வருவோம். வயது ஏற ஏற, குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, கண் வறட்சி அதிகமாகிறது. வயது, பெண்ணாக இருப்பது ரெண்டும் கண் வறட்சிக்கான உறுதியான ஆபத்துக் காரணிகள் என்று 2017-ல் உலக அளவிலான கண் நிபுணர்கள் குழு தொகுத்த பெரிய அறிக்கையும் சொல்கிறது. ஏன் அப்படி? பழைய மோட்டார் தேய்வதுபோலச் சுரப்பியும் தேய்ந்துபோகிறது என்பது எளிய பதில். இந்தப் பதிலோடு திருப்தியடையாதவர்களில் முக்கியமானவர் டார்லின் டார்ட்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கும் ஸ்கெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தில் பல பத்தாண்டுகளாக வேலை பார்த்த விஞ்ஞானி இவர். இவருடைய கேள்வி ரொம்ப அடிப்படையானது: கண்ணீர்ச் சுரப்பிக்கு 'சுர' என்று யார் சொல்கிறார்கள், அதை அது எப்படிக் கேட்கிறது? இவரும் இவருடன் வேலை பார்த்தவர்களும் வரைந்து காட்டிய படத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கண்ணீர்ச் சுரப்பி ஒரு திராட்சைக் குலை மாதிரி. ஒவ்வொரு திராட்சையின் சுவரும் கண்ணீர் தயாரிக்கும் செல்கள். காம்புகள், கண்ணீரை வெளியே எடுத்துப்போகும் குழாய்கள். திராட்சையைச் சுற்றி விரல்களால் பிடித்த மாதிரி, சுருங்கி விரியும் செல்கள் உண்டு, அவை பிழிந்துகொடுக்கும். இந்தக் குலை முழுக்க நரம்பு நுனிகள் ஊடுருவி நிற்கின்றன. மூளையிலிருந்து உத்தரவு வந்ததும், நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியே விடுகிறது. அது செல்லின் சுவரில் உள்ள ஏற்பியில் போய் உட்காரும். உடனே செல்லுக்குள் கால்சியம் எகிறும். கால்சியம் ஏறியதும் புரதம் நிரம்பிய பைகள் திறக்கும், உப்பும் தண்ணீரும் வெளியேறும். அவ்வளவுதான், கண்ணீர்.

நீங்க அழுவது சோகத்தாலா வெங்காயத்தாலா என்பதெல்லாம் சுரப்பிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நரம்பு நுனி விடும் அந்தச் சில துளி ரசாயனம்தான்.

2005-ல் இந்தக் குழுவினர் எலிகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 3 மாத இளம் எலிகளில் தொடங்கி, 24 மாதக் கிழட்டு எலிகள் வரை. ஆய்வுக்கூட எலிக்கு 2 வயது என்றால், அது நம்ம ஊரில் சஷ்டியப்த பூர்த்தி தாண்டிய ஆள் மாதிரி. கிழட்டு எலிகளின் சுரப்பிக்குள் அவர்கள் பார்த்தது பல சேதாரங்களின் கூட்டு. செல்களுக்குள் லிப்போஃபுஸின் மாதிரியான, வயதானால் சேரும் பழுப்புக் கழிவு குவிந்திருந்தது. அழற்சியைக் கிளப்பும் செல்கள் உள்ளே குடியேறியிருந்தன. நரம்புகளின் அடர்த்தி குறைந்திருந்தது. நரம்பு நுனிகள் வெளியே விடும் அசிட்டைல்கோலின் குறைந்திருந்தது. சுரப்பும் குறைந்திருந்தது.

இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்த நரம்பு விஷயம்தான். சுரப்பி தண்ணீரைத் தயாரிக்கத் தெரியாமல் போவது ஒன்று. 'தயாரி' என்ற குரலே அதன் காதில் சன்னமாக விழுவது வேறொன்று. பம்ப்செட் ரிப்பேர் ஆவதற்கும், கரன்ட் லோ வோல்டேஜில் வருவதற்கும் உள்ள வித்தியாசம். முதலாவதுக்கு மெக்கானிக் வேணும், ரெண்டாவதுக்கு ஈ.பி.க்குப் போன் போடணும். முதுமையில் ரெண்டும் கலந்தே நடக்கிறது என்பதுதான் சிக்கல். 2008-ல் வயதாகும் கண்ணீர்ச் சுரப்பி பற்றி டார்ட்டும் சக விஞ்ஞானிகளும் எழுதிய தொகுப்புக் கட்டுரையும் இப்படிப் பல இழைகளாகத்தான் விஷயத்தைப் பிரித்துக் காட்டுகிறது.

மனிதர்களில் என்ன? இறந்தவர்களின் கண்ணீர்ச் சுரப்பிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஜப்பானின் ஹிரோட்டோ ஒபாட்டா 1995-ல் எழுதியிருக்கிறார். வயதான சுரப்பிகளில் சதை சுருங்கி, தழும்பு மாதிரியான நார்த்திசு அந்த இடத்தைப் பிடித்திருந்தது. எலியும் மனிதனும் ஒன்றல்ல என்றாலும், கதை ஒரே பக்கம்தான் போகிறது.

வாயைப் பொத்தும் அழற்சி

சரி, நரம்பு ஏன் அடங்கிப் பேசுகிறது? இதற்கு ஒரு துப்பு கொடுத்தவர் டிரிஸ் ஸூக்ரி. டார்ட்டோடு சேர்ந்து வேலை பார்த்தவர். உடம்பில் அழற்சி ஏற்படும்போது இன்டர்லூக்கின்-1 என்ற புரதம் சுரக்கும். நோயாளி எலிகளின் சுரப்பியில் நரம்பு நுனி தன் ரசாயனத்தை விடாமல் தடுப்பதில் இதற்குப் பங்கிருக்கிறது என்று 2000-களின் தொடக்கத்தில் இவர் குழு காட்டியது. அதாவது, நரம்பு இருக்கிறது, ரசாயனம் இருக்கிறது, அழற்சி வந்து வாயைப் பொத்திவிடுகிறது.

அப்புறம் 2007-ல் அதே ஸூக்ரி குழு செய்த சோதனைதான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆரோக்கியமான எலியின் கண்ணீர்ச் சுரப்பியில் இன்டர்லூக்கின்-1-ஐ ஒரே ஒரு முறை ஊசியாகப் போட்டார்கள். எதிர்பார்த்த மாதிரியே சுரப்பி வீங்கியது, கண்ணீர் குறைந்தது. எதிர்பாராதது அடுத்து நடந்தது. சுரப்பிக்குள் செல்கள் பெருக ஆரம்பித்தன. சுமார் ரெண்டு வாரத்துக்குள் சுரப்பி தன்னைத் தானே ரிப்பேர் செய்துகொண்டு, பழையபடி கண்ணீர் சுரந்தது!

அப்படியென்றால், கண்ணீர்ச் சுரப்பிக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திறமை இருக்கிறது. உள்ளே எங்கோ மூலச்செல்கள் போன்றவை தயாராக இருக்கின்றன. ஒரு அடி விழுந்தால் எழுந்துவிடும். வருடக்கணக்கில் தினம் தினம் அடி விழுந்தால்? எழவே நேரமில்லாமல் போகும். வயதான உடம்பில் அழற்சி என்பது ஒரு நாள் காய்ச்சல் மாதிரி வந்துபோவது கிடையாது. அடுப்பை அணைத்த பிறகும் கனன்றுகொண்டே இருக்கும் கங்கு மாதிரி, சத்தமில்லாமல் எப்போதும் இருக்கும்.

விதை இருக்கு, நிலம் சரியில்லை

இங்கேதான் ஹெலன் மகரென்கோவா வருகிறார். கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி. 2017-ல் இவர் குழு வெளியிட்ட ஆய்வில் டார்ட்டும் ஒரு பங்கேற்பாளர். வளர்ந்த எலியின் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து, புதிய சுரப்புச் செல்களாக மாறக்கூடிய முன்னோடிச் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். நாள்பட்ட அழற்சியால் கண் வறண்ட எலிகளின் சுரப்பிக்குள் அவற்றைச் செலுத்தினார்கள். செல்கள் அங்கே ஒட்டி வளர்ந்தன. சுரப்பியின் அமைப்பு தேறியது, கண்ணீரும் கூடியது.

அதோடு இன்னொன்றையும் பார்த்தார்கள். பேனெக்சின்-1 என்று செல் சுவரில் ஒரு வாசல் உண்டு. அடிபட்ட செல் இதன் வழியாகத்தான் ஆபத்து சிக்னலை வெளியே அனுப்பி அழற்சியைக் கூப்பிடும். அந்த வாசலைத் தடுத்து, அழற்சியைக் குறைத்துவிட்டுச் செல்களைச் செலுத்தியபோது, இன்னும் நன்றாக ஒட்டின. விவசாயம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நல்ல விதை வாங்கி வந்து உவர் நிலத்தில் தெளித்தால் என்ன வரும்? முதலில் மண்ணைச் சரிபண்ணணும்.

புதிய சுரப்பியையே வளர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஜப்பானில் தகாஷி சுஜி குழு, எலிக்கருவின் செல்களிலிருந்து சுரப்பி மொட்டு ஒன்றைத் தயாரித்து, சுரப்பி நீக்கப்பட்ட எலிக்கு 2013-ல் பொருத்தியது. அது நரம்போடு இணைந்தது. கண்ணில் மென்தால் பட்டதும் கண்ணீர் விட்டது! நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு 2021-ல் மனிதச் சுரப்பிச் செல்களை வைத்துத் தட்டில் குட்டிச் சுரப்பிகளை வளர்த்தது. நரம்பு விடும் ரசாயனத்தை ஊற்றினால் அவை அழுதன. ஆனால் கண்ணீர் வெளியேற குழாய் இல்லை. அதனால் பலூன் மாதிரி உப்பின. அழணும்னு இருக்கு, வழியத்தான் வழியில்லை! 2022-ல் ஒசாகா பல்கலைக்கழகக் குழு மனித மூலச்செல்களிலிருந்தே கண்ணீர்ச் சுரப்பியை வளர்த்து எலிக்குப் பொருத்தியது. அது கண்ணீர்ப் புரதங்களைச் சுரந்தது.

உடனே 'எப்போ சார் ஆஸ்பத்திரிக்கு வரும்?' என்று கேட்கத் தோன்றும். எலி, தட்டு என்ற எல்லையைத் தாண்டி இந்த வைத்தியங்கள் நம் பாட்டியின் கண்ணுக்கு வருவதற்குள் நிறைய சோதனை பாக்கியிருக்கிறது. ஸ்டெம்செல் வைத்து டிரை ஐயை ஒரே ஊசியில் சரிபண்ணுகிறோம் என்று யாராவது ரீல்ஸில் விளம்பரம் போட்டால் நம்பிப் பணத்தைக் கட்டிடாதீங்க.

ஆனால், இந்த ஆராய்ச்சிகளின் தர்க்கம் ஏற்கெனவே மருந்துக் கடைக்கு வந்துவிட்டது. அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்துக்கு 2002-லேயே அமெரிக்கா அனுமதி கொடுத்தது. போட்ட உடனே ஜில்லென்று ஆகாது. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும். 'எரியுது, ஒண்ணும் பிரயோஜனம் இல்லை' என்று பத்தே நாளில் நிறுத்திவிடுகிற அம்மாக்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது உங்க வேலை. நரம்பைத் தட்டி எழுப்பும் பாதையிலும் ஒரு மருந்து உண்டு. வரெனிக்ளின் என்று, முதலில் சிகரெட்டை நிறுத்துவதற்காக வந்த மருந்து. அதையே மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக்கி, கண் வறட்சிக்கு 2021-ல் அமெரிக்கா அனுமதித்தது. மூக்கில் உள்ள நரம்பைத் தூண்டினால் கண்ணீர்ச் சுரப்பிக்கு உத்தரவு போகும். மூக்கில் அடித்தால் கண்ணில் தண்ணீர்! பொடி போடும் தாத்தாக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சர்யம் இருக்காது.

அழ முடியாமல் போவது

கண் வறட்சியைச் சின்னத் தொந்தரவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷியோகிரென் 1933-ல் தன் ஆய்வேட்டில் விவரித்த நோய் ஒன்று, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நம் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும். பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருகிறது. நோய் முற்றினால், துக்கத்திலும் கண்ணில் நீர் வராமல் போகலாம். நம்ம ஊரில் அதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'பெத்த தாய் போய்ச் சேர்ந்திருக்கா, ஒரு சொட்டு கண்ணீர் வந்துச்சா பாரு' என்று சாவு வீட்டில் காதுபடப் பேசுவார்கள். அந்தப் பெண்ணின் நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்கும். சுரப்பி மட்டும் பதில் சொல்லாது.

கண்ணோடு வாயும் வறண்டு, தண்ணீர் இல்லாமல் சோறு இறங்கவில்லை, மூட்டு வலிக்கிறது, எப்போதும் அசதி என்று உங்க வீட்டில் யாராவது சொன்னால் அதை 'வயசாகிடுச்சு' கணக்கில் எழுதிவிடாதீங்க. ரத்தப் பரிசோதனை உள்ளிட்ட சில சோதனைகளில் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கண்ணுக்கான சோதனை ரொம்ப எளிமையானது. 1903-ல் ஓட்டோ ஷிர்மர் விவரித்தது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பட்டைக் காகிதத்தைக் கீழ் இமையில் மாட்டி, 5 நிமிஷம் கழித்து எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று ஸ்கேலில் பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் சுரப்பு குறைவு என்று சந்தேகிக்கலாம்.

எனக்கு 25 வயசுதான் ஆகுது, நான் ஏன் கவலைப்படணும்?

உங்க சுரப்பி இளமையாகத்தான் இருக்கும். ஆனால் அது தரும் கண்ணீரை நீங்க வீணாக்கிக்கிட்டு இருக்கீங்க. ஜப்பானின் கசுவோ சுபோட்டா 1993-ல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அலுவலக ஊழியர்கள் 104 பேர். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு சராசரி 22 முறை சிமிட்டினார்கள். புத்தகம் படிக்கும்போது 10. கம்ப்யூட்டர் திரை முன்னால் 7. ஸ்மார்ட்போனே இல்லாத காலத்துக் கணக்கு இது! சிமிட்டும்போதுதான் எண்ணெய் பிழியப்பட்டு, படலம் புதிதாகப் பூசப்படும். சிமிட்டாத கண் காயும். போதாததற்குப் பாதி சிமிட்டு வேறு. மேல் இமை முழுசாகக் கீழே வந்து தொடாமலேயே திரும்பிவிடும்.

பைக்கில் கண்ணாடி இறக்காத ஹெல்மெட், முகத்துக்கு நேராக வீசும் ஏ.சி., ராத்திரி முழுக்கத் தலைக்கு மேல் சுழலும் ஃபேன் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இமையின் உள்விளிம்பில் இழுக்கும் கண்மை, எண்ணெய்ச் சுரப்பிகளின் வாசலிலேயே போய் உட்காரும். இமைமுடிக்கு வெளியே போட்டுக்கொண்டால் கண்ணுக்கு நல்லது. பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரையும், சளி அலர்ஜிக்குப் போடும் சில மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும். கல்யாணத்துக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டணும் என்று லேசர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கவனிக்க: அதில் கருவிழியின் நரம்புகள் வெட்டுப்படும். சில மாதங்களுக்கு வறட்சி இருப்பது சகஜம். ஏற்கெனவே கண் வறண்டவர்கள் அதைச் சரிபண்ணாமல் போகக் கூடாது. கல்யாணத் தேதிக்கு முந்தின மாதம் போய் நிற்காதீங்க.

மருந்துக் கடையில் 'கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது சொட்டு மருந்து கொடுங்க' என்று கேட்கும் பழக்கம்தான் எனக்குப் பெரிய பயம். சிவப்பை மறைக்கும் மருந்து வறட்சியைச் சரிசெய்யாது. நிறுத்தினால் சிவப்பு இன்னும் அதிகமாகத் திரும்பி வரலாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இன்னும் மோசம். சுகமாக இருக்கும். அதனால் மாதக்கணக்கில் போடுவார்கள். கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம். அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்த வேண்டிய மருந்து அது. செயற்கைக் கண்ணீர் என்று விற்கும் சொட்டு மருந்துகள் பொதுவாகப் பாதுகாப்பானவை. ஆனால் அதை ஒரு நாளைக்கு நாலைந்து முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால், பென்சல்கோனியம் குளோரைடு மாதிரியான பதப்படுத்தி கலக்காததைக் கேளுங்க. அந்த ரசாயனமே அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பை உரசும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பூச்சாறு என்று வீட்டில் இருப்பதையெல்லாம் கண்ணில் விடுவதும் வேண்டாம்; கிருமி உள்ளே போக அதுவே வழி.

வெதுவெதுப்பான துணியை மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிஷம் வைத்து எடுப்பது, உறைந்த எண்ணெயை இளக்கும். இதற்குக் காசு செலவில்லை. கை பொறுக்கும் சூடு போதும். திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் இமை பாதி மூடியிருக்கும், ஆவியாவது குறையும். சாப்பாட்டைக் குறைத்து வளர்த்த எலிகளுக்கு வயதானாலும் கண்ணீர் குறையவில்லை என்று ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகக் குழு 2010-ல் எழுதியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாளையிலிருந்து பட்டினி கிடக்க வேண்டாம். எலிக்கு அளந்து போட்ட தீவனமும் நாம் மதிய பிரியாணியை ஸ்கிப் பண்ணுவதும் ஒன்றாகாது.

வீட்டில் அந்தத் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியவரை அடுத்த முறை கண் டாக்டரிடம் கூட்டிப்போகும்போது, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்க. அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை, மனச்சோர்வுக்கான மாத்திரை உட்பட. இவற்றில் சில, அசிட்டைல்கோலின் போய் உட்கார வேண்டிய அதே ஏற்பியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். நரம்பு எவ்வளவு கத்தினாலும் சுரப்பிக்குக் கேட்காது. எதையும் நீங்களே நிறுத்தாதீங்க. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மாற்று இருக்கிறதா என்று கேளுங்க.